ஏகாவின் பெட்டியை நான் உடைக்கவில்லை

என் செல்லத் தம்பி ஏகாம்பரத்துக்கு,

முதலில் ஒரு திருத்தம். உன் கிட்டார் ஆம்ப்ளிஃபயரை நான் உடைத்துக் காயலான் கடையில் போட்டுவிட்டதாக ஆரணியில் ஒரு பேச்சு உலவுகிறது. உடைக்கவில்லை. கடையில் போடவும் இல்லை. அது உன் வீட்டில், தறிக்கூடத்தை ஒட்டிய உன் அறையில், உன் மேசைமேல்தான் இருக்கிறது. பின்பலகையை மட்டும் கழற்றி வைத்திருக்கிறேன். அதற்குக் காரணம் உண்டு. வரிசையாகச் சொல்கிறேன்.

இன்னொரு பேச்சும் என் காதுக்கு வந்தது. "எக்ஸ்சேஞ்சம்மாவுக்கு தம்பி வாசிக்கறது எப்பவுமே புடிக்காது. அதான் அவரு போனதும் பெட்டிய பிரிச்சிட்டாங்க" என்கிறார்களாம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்த எனக்கு ஊர் வைத்த பெயர் அது. உன் வாசிப்பு எனக்குப் பிடிக்கும். உன் கிட்டாரின் தொனிதான் பிடிக்காது. இரண்டும் வேறு. அதையும் உன் முகத்துக்கு நேரே சொன்னேனே தவிர, உனக்குப் பின்னால் யாரிடமும் சொன்னதில்லை. நீயே சாட்சி. சாட்சி சொல்லத்தான் நீ இல்லை.

இதை எல்லோரும் படிக்கும் நினைவு மலரில் ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். உன் முதலாண்டு நினைவு நாளுக்கு உன் மெல்லிசைக் குழுவினர் கல்யாண மண்டபத்தில் ஒரு கச்சேரி வைக்கிறார்கள். அன்று கொடுப்பதற்கு ஒரு சிறு மலரும் தயாராகிறது. உன் பாடகர் கஜேந்திரன் வந்து, "எக்கா, நீங்க நல்லா எழுதுவீங்க, கான்வென்ட்டு படிப்பு. ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க" என்றார். "நடந்ததை நடந்தபடி எழுதினால் போடுவீர்களா?" என்றேன். "இன்னா எக்கா இப்படி கேட்டுட்டீங்க" என்றார். பேச்சு கிளம்பியதே அவருடைய வாட்ஸ்அப் குழுவிலிருந்துதான். கிளம்பிய இடத்துக்கே திருத்தத்தையும் அனுப்புவதுதான் முறை.

நீ போன பிறகு இந்த வீட்டைப் பூட்டிப்போட எனக்கு மனம் வரவில்லை. வேலூரில் என் வீட்டுக்காரர் இல்லாத வீட்டில் நான் ஒருத்தி. ஆரணியில் நீ இல்லாத வீடு ஒன்று. இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்வது சிக்கனம் என்று நினைத்தேன். உன் மகள் மாலினியும் பெங்களூரிலிருந்து, "நீங்க அங்க இருந்தா எனக்கும் வர ஒரு இடம் இருக்கும் அத்தை" என்றாள். தறிக்கூடத்தை வாடகைக்கு வைத்திருக்கும் தனலட்சுமியும் அவள் புருஷனும், கூட இரண்டு நெசவாளர்களும் நீ இருந்தபோது எப்படியோ அப்படியே நெய்துகொண்டிருக்கிறார்கள். நான்கு தறியும் ஓடுகின்றன. காலையில் அவர்கள் ஆரம்பித்ததும் என் காப்பி டம்ளர் மேசைமேல் மெதுவாக நகர்கிறது. நீ எப்படி இத்தனை காலம் இதற்குப் பக்கத்தில் உட்கார்ந்து புடவை டிசைனுக்குத் தறி அட்டையில் துளை குத்தினாய்?

நினைவுக் கச்சேரியில் மாலினி உன் கிட்டாரை உன் பெட்டியில் போட்டு வாசிப்பதாக ஏற்பாடு. "பெட்டி வேலை செய்யுதான்னு ஒரு தடவ பாத்து வைங்க அத்தை" என்று கேட்டுக்கொண்டாள். போட்டுப் பார்த்தேன். உள்ளே கண்ணாடி வால்வுகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. அழகாகத்தான் இருந்தது. பிறகு பெட்டி முனக ஆரம்பித்தது. கிட்டாரைத் தொடாமலேயே மாட்டுக் கொட்டகையில் நிற்பது போல ஒரு சத்தம். அணைத்துவிட்டேன்.

மைக் செட் கடை ஜமீலிடம் கொண்டுபோனேன். உனக்குத் தெரிந்த ஜமீல்தான். உங்கள் கச்சேரிகளுக்கெல்லாம் ஸ்பீக்கர் கட்டியவர். அவர் பெட்டியைத் திறந்ததும் நான் எட்டிப் பார்த்தேன்.

"மேடம், மேடம், கைய எடுங்க! பிளக்க புடுங்கிட்டாலும் உள்ள கரண்ட் கீது. குதிரை ஒதைக்கற மாதிரி ஒதைக்கும்."

"கரண்ட் இல்லாமல் எங்கிருந்து வரும்?"

"உள்ள சேத்து வச்சிகினு இருக்கும் மேடம். உங்கள மாதிரிதான். வெளியில தெரியாது."

மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் அந்தப் பெரிய கண்டென்சர்கள் காய்ந்துபோயிருந்தன. அவற்றை மாற்றியதும் முனகல் நின்றது. அதோடு நான் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இல்லை. ஆனால் ஜமீல் ஒன்றைக் காட்டினார். மற்ற கண்டென்சர்களுக்கு நடுவில் சின்னதாக, வேறு நிறத்தில் ஒன்று. அதைப் பற்றவைத்த ஈயம் மட்டும் பக்கத்தில் உள்ளவற்றைப்போலப் பளபளப்பாக இல்லாமல் சொரசொரப்பாக இருந்தது. அது ஆடாமல் இருக்க யாரோ பக்கத்துக் கம்பியோடு சேர்த்து நூலால் கட்டியிருந்தார்கள்.

"இது கம்பெனி வேலை இல்ல மேடம். யாரோ கை வச்சிருக்காங்க. இந்த எடத்துல இருக்க வேண்டியது இத விடப் பெருசு." அதே வகைப் பெட்டியின் வரைபடத்தைத் தன் போனில் பெரிதாக்கிக் காட்டினார்.

"சின்னதாகப் போட்டால் என்ன ஆகும்?"

"வாசல்ல நிக்கற வாட்ச்மேன் மாதிரி மேடம் இது. சத்தம் ஒரு வால்வுலருந்து அடுத்த வால்வுக்கு இவன தாண்டித்தான் போகணும். பெரிய கேட்டா இருந்தா எல்லாரும் போவாங்க. சின்ன கேட்டு போட்டா ஒல்லி ஆளுங்க போவாங்க, குண்டு ஆளுங்க வெளியிலயே நின்னுடுவாங்க. கனமான சத்தம் எல்லாம் கட் ஆயிடும். கீச்சுனு மேல் சத்தம் மட்டும் வரும்."

அப்படியானால் நான் இத்தனை வருடம் குறை சொன்ன அந்த மெலிந்த தொனிக்குக் காரணம் இந்தச் சின்னப் பொருள்தானா? கடுகு டப்பியில் போட்டால் தொலைந்துவிடும், அவ்வளவு சின்னது.

அவர் கத்திரியை எடுத்து அந்த நூலை வெட்டப் போனார். "வெட்டாதீங்க, அவிழுங்க" என்றேன்.

"மேடம், இது கண்டென்சரு. தாலி இல்ல."

"அவிழுங்க."

பட்டு நூல், ஏகா. அரக்கு நிறம். முடிச்சைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. தறியில் அறுந்த பாவு இழையைப் பிணைக்க நம் வீட்டில் போடும் முடிச்சு. கான்வென்ட் விடுதிக்குப் போகும்முன் எனக்கும் அப்பா சொல்லிக் கொடுத்ததுதான். ஆரணியில் எந்த ரேடியோ மெக்கானிக்கும் கண்டென்சரைப் பட்டு நூலால் கட்ட மாட்டான். ஆகவே இதைச் செய்தது நீ. எங்கேயோ கடையில் கொடுத்துச் செய்யவில்லை, வீட்டிலேயே தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செய்திருக்கிறாய். கைக்கு எட்டிய நூலை எடுத்துக் கட்டியிருக்கிறாய்.

ஏன் செய்தாய்? அன்றிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

சரியான அளவில் ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம் என்றார் ஜமீல். சரி என்றேன். ஆம், நான்தான் சரி என்றேன். அதை மறைக்கவில்லை. பெரிய கண்டென்சரை வைத்து அவர் கிட்டாரை மீட்டியதும் கடை முழுவதும் ஒரு கனத்த, உருண்ட ஒலி நிறைந்தது. வாசலில் செருப்பு தைத்துக்கொண்டிருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார். நீ இந்தப் பெட்டியைச் சென்னையில் வாங்கி, பஸ்ஸில் அதற்கும் ஒரு டிக்கெட் எடுத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார வைத்துக்கொண்டு வந்தாயே, அன்று உனக்குப் பிடித்துப்போன ஒலி இதுவாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. "இதையே விட்டுவிடுங்கள்" என்றேன்.

அந்த நேரம் பார்த்து கஜேந்திரன் வந்தார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு தலையை ஆட்டினார்.

"நல்லாத்தான் கீது எக்கா. ஆனா இது ஏகா இல்ல. வேற யாரோ வாசிக்கற மாதிரி கீது. ஏகான்னா ஊசி. கூட்டத்துல எங்க நின்னாலும் காதுல வந்து குத்தும்."

"குத்துவது நல்லதா?"

"நல்லதோ கெட்டதோ, எங்காளு அதான எக்கா!"

சொல்லிவிட்டுப் போயிருந்தால் பரவாயில்லை. திறந்து கிடந்த பெட்டியைப் படம் எடுத்தார். ஜமீல் மீட்டுவதைப் பதிவு செய்தார். இரண்டையும் குழுவில் போட்டுவிட்டார். கீழே என்ன எழுதினாரோ எனக்குத் தெரியாது. மாலை வருவதற்குள் அது "அக்கா பெட்டியை மாற்றிவிட்டார்" என்பதிலிருந்து "அக்கா பெட்டியை உடைத்துவிட்டார்" ஆகியிருந்தது. தகவல் ஊர் சுற்றி வரும்போது எப்படி உருமாறும் என்பதை வேலை நாளெல்லாம் இணைப்புப் பலகைக்கு முன் உட்கார்ந்து பார்த்தவள் நான். ஆச்சரியப்படவில்லை.

மாலினி கூப்பிட்டாள். அவளும் அந்தப் பதிவைக் கேட்டிருந்தாள்.

"யாரைக் கேட்டு மாத்துனீங்க அத்தை? அது அப்பா சவுண்டே இல்ல. அப்பாவோடதுன்னு எனக்கு மிச்சம் இருந்தது அது ஒண்ணுதான்."

"மாலினி, நிதானமாகக் கேள். நீ சொல்லும் அந்தத் தொனி உன் அப்பா பிறகு மாற்றியது. முதலில் இருந்தது..."

"முதல்ல எப்படி இருந்தா எனக்கென்ன? எனக்குத் தெரிஞ்ச அப்பா, மாத்துனதுக்கு அப்புறம் இருந்த அப்பா. நான் அந்தப் பெட்டியில வாசிக்கமாட்டேன். கச்சேரிக்கும் வரல."

வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு என் அழைப்பை எடுக்கவில்லை. நான் மறுபடி மறுபடி கூப்பிடுகிறவள் இல்லை. அது உனக்குத் தெரியும். அவளும் உன் மகள்தானே, அவளாகக் கூப்பிடுகிறவள் இல்லை. எனக்குப் பிள்ளை இல்லை. நீயும் இல்லை, அவள் அம்மாவும் உனக்கு முன்பே போய்விட்டாள். நம் வீட்டில் மிச்சம் இருப்பது நாங்கள் இரண்டு பேர். இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை.

நியாயமாகப் பார்த்தால் சின்னக் கண்டென்சரையே திரும்ப வைக்கச் சொல்லியிருக்க வேண்டும். அப்படிச் செய்திருந்தால் சண்டை முடிந்திருக்கும். ஆனால் ஏன் என்று தெரியாமல் ஒன்றைத் திரும்பப் பொருத்துவது என் இயல்பு இல்லை. உன் காது நல்ல காது, ஏகா. எங்கள் மடத்தில் பியானோ கற்றுக் கொடுத்த கன்னியாஸ்திரி ஒரு தடவை விடுதிக்கு வந்த உன்னைப் பாடச் சொல்லிக் கேட்டுவிட்டு, அக்காவைவிடத் தம்பிக்குக் காது நன்றாக இருக்கிறது என்று என் முன்னாலேயே சொன்னார். எனக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் உண்மை. அப்படிப்பட்ட காது உள்ளவன் வேண்டுமென்றே தன் கிட்டாரின் அடிவயிற்றை அறுத்து எடுப்பானா? அந்தக் கனத்தை ஈடுகட்ட உங்கள் குழுவில் பேஸ் கிட்டார்கூடக் கிடையாதே.

ஜமீலை வீட்டுக்கு வரச் சொன்னேன். இரண்டு கண்டென்சரையும் எடுத்து வரச் சொன்னேன். ஈயம் வைக்க வேண்டாம், முதலை வாய் மாதிரி கவ்வும் கிளிப் போட்டு மாற்றி மாற்றிக் கேட்கலாம் என்றேன். நீ இதைச் செய்த இடத்திலேயே கேட்டுப் பார்ப்பது என்பதுதான் என் எண்ணம். அதற்கு மேல் ஒரு யோசனையும் இல்லை.

நண்பகல். நான்கு தறியும் ஓடிக்கொண்டிருந்தன. குழிக்குள் காலை விட்டு மிதிக்கும் குழித்தறியில், இழையை அடிக்கும் பலகை மோதும்போது சத்தம் காதுக்கு வருவதற்கு முன் பாதத்துக்கு வருகிறது. செருப்பில்லாமல் நின்றால் முழங்கால் வரை ஏறுகிறது. முதலில் பெரிய கண்டென்சர். ஜமீல் தனக்குத் தெரிந்ததை மீட்டினார். கடையில் அவ்வளவு நன்றாக இருந்த ஒலி இங்கே சேறு மாதிரி ஆகிவிட்டது. எது கிட்டார், எது தறி என்றே தெரியவில்லை.

கூடத்திலிருந்து தனலட்சுமி கத்தினாள். "எக்கா! இன்னா பண்றாரு அந்த பாய்? மூட்டைய இழுத்துகினு போற மாதிரி கீது!"

"கடையில நல்லா இருந்துச்சும்மா!" என்று ஜமீல் பதிலுக்குக் கத்தினார்.

"அப்ப கடையிலயே வாசிச்சிகினு இருக்க வேண்டியதுதான!"

பிறகு சின்னதை மாட்டினார். நான் முகம் சுளிக்கத் தயாராக இருந்தேன். சுளிக்கவில்லை. ஒவ்வொரு நரம்பும் தனித்தனியாக, பளிச்சென்று கேட்டது. அதிசயம் அதுவல்ல. மெலிசாக இல்லை, ஏகா. கனமாக இருந்தது. அகலமாக இருந்தது. அடியில் ஏதோ ஒன்று அதைத் தாங்கிக்கொண்டிருந்தது.

"ஆங்! இது அண்ணன்" என்றாள் தனலட்சுமி. அவள் கால் நிற்கவே இல்லை.

அப்போது டீ வந்தது. ஒரு தறி நின்றது. கிட்டாரிலிருந்து ஏதோ கொஞ்சம் குறைந்தது. அடுத்தது நின்றது. இன்னும் குறைந்தது. நான் ஜமீலின் கையைப் பார்த்தேன். அவர் அதே வேகத்தில் மீட்டிக்கொண்டிருந்தார். கடைசித் தறியும் நின்றபோது அறையில் மிஞ்சியது அந்தப் பழைய தகரச் சத்தம்.

"ஜமீல், வால்யூமைக் குறைச்சீங்களா?"

"தொடவே இல்ல மேடம்."

"தனலட்சுமி, டீயைக் கீழ வை. தறியை ஓட்டு."

"ஆறிப்பூடும் எக்கா."

"வேற டீ வாங்கித் தரேன். ஓட்டு."

"ஒரு பாட்டுக்கு இன்னா பேஜாரு பண்றாங்கப்பா" என்று முணுமுணுத்துக்கொண்டே குழியில் காலை இறக்கினாள். தறி ஓடியது. கிட்டார் மறுபடி நிறைந்தது.

உன் கிட்டாரின் கனமான பாதியைத் தறிகள் வாசித்திருக்கின்றன. அப்பா காலத்திலிருந்து தரைக்கு அடியில் அடித்துக்கொண்டே இருந்த அந்தச் சத்தம் உன் காதுக்குச் சத்தமாகவே பட்டிருக்காது. அதன் மேல்தான் உன் பெட்டியின் தொனியைப் பொருத்தினாய். அந்தச் சத்தம் ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருந்த கனத்தைப் பெட்டியும் கொடுத்தபோது உனக்குக் குழம்பலாகக் கேட்டது. அறுத்து எடுத்தாய். வீட்டில் எல்லாம் சரியாகிவிட்டது. பிறகு அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கச்சேரிக்குப் போளூருக்கும் செய்யாருக்கும் போனாய். தறியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனாய்.

போளூர்க் கல்யாணத்தில் நான் முன்வரிசையில் இருந்தேன். முடிந்ததும், "தகரத்தைச் சுரண்டுற மாதிரி இருக்கு" என்றேன். நீ கோபப்படவில்லை. "வூட்டுக்கு வந்து கேளு எக்கா" என்றாய். நான் வந்தேன், ஏகா. பொங்கலுக்கு வந்தேன், தீபாவளிக்கு வந்தேன். எனக்கு லீவு கிடைத்த நாளெல்லாம் தறிக்கும் லீவு. ஒவ்வொரு தடவையும் நீ ஆசையாக வாசித்துக் காட்டினாய், ஒவ்வொரு தடவையும் எனக்குத் தகரமாகவே கேட்டது. நான் கேட்டதும் பொய் இல்லை, நீ சொன்னதும் பொய் இல்லை. நாம் இருவரும் ஒரே பெட்டியைப் பற்றிப் பேசவே இல்லை.

உனக்கு இது தெரியுமா, தெரியாதா? தனலட்சுமியைக் கேட்டேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"இப்பதான் எக்கா எனக்கே புரியுது. அமாவாசை வந்தா அண்ணனுக்கும் பெட்டிக்கும் சண்டைதான். அன்னைக்கி நாங்க தறில குந்த மாட்டோம் இல்ல? அண்ணன் வாசிச்சிப் பாப்பாரு, திருப்பித் திருப்பி ஸ்பீக்கர தட்டுவாரு. 'இன்னைக்கி பெட்டிக்கு ஒடம்பு சரியில்ல தனம், அமாவாசை வந்தாலே இப்பிடித்தான்'னு சொல்லுவாரு. ஒரு தடவ எலுமிச்சம்பழம் கூட வச்சாரு எக்கா அது தலைல!"

ஏகா! எலுமிச்சம்பழமா?

நானும் சிரித்தேன். நீ போன பிறகு நான் அப்படிச் சிரித்தது அன்றுதான். நெசவுக்காரர்கள் வீட்டில் பிறந்து, அமாவாசைக்குத் தறி ஓடாது என்பதைப் பிறந்ததிலிருந்து தெரிந்தவன், அன்றைக்கு மட்டும் பெட்டி மெலிவது ஏன் என்று ஒரு நாளும் கூட்டிப் பார்க்கவில்லை. ஆனால் எனக்கு ஒரு சந்தேகம் மிச்சம் இருக்கிறது. நீ எப்போதும் சிரிக்காமல் வேடிக்கை பண்ணுகிறவன். தனலட்சுமியைச் சிரிக்க வைக்கத்தான் அப்படிச் சொன்னாயா? உள்ளுக்குள் தெரிந்தே இருந்ததா? மேடையில் நின்று வாசிக்கும்போது உன் காதுக்குள் தறி ஓடிக்கொண்டே இருந்ததா? தெரிந்த குரலாக இருந்தால் விட்டுப்போனதைக் காதே போட்டுக்கொள்ளும். எக்ஸ்சேஞ்சில், வெளியூர் டிரங்க் கால்களில், நான் அதைத் தினமும் பார்த்திருக்கிறேன். பாதிக் குரல்தான் கம்பியில் வரும். மறுமுனையில் இருக்கும் தாய் முழுப் பிள்ளையைக் கேட்பாள்.

இப்போது கேள்வி இதுதான். கல்யாண மண்டபத்தில் தறி இல்லை. தனலட்சுமி, "வேணும்னா ரெண்டு தறிய பேத்து வண்டில ஏத்திகினு வந்துடட்டா?" என்கிறாள். அவளை விட்டால் செய்வாள். சின்னக் கண்டென்சரோடு போனால் மண்டபத்துக்குக் கேட்கப்போவது ஊருக்குத் தெரிந்த ஏகா, கஜேந்திரனின் ஊசி. பெரியதோடு போனால், நீ வீட்டில் கேட்டுக்கொண்டிருந்த நிறைவு, ஏறக்குறைய, முதல் தடவையாக வெளியில் கேட்கும். எது நீ? மேடைக்கு வந்து சேர்ந்ததா, உன் காதில் இருந்ததா?

ஜமீல் தன் பங்குக்கு, "ஒரு சுவிட்ச் போட்டுடலாம் மேடம். மேல தட்டுனா மேடை, கீழ தட்டுனா வூடு" என்றார். நல்ல யோசனைதான். ஆனால் அதற்கு முன்பலகையில் துளை போட வேண்டும். போட்ட துளையை மூட முடியாது. உன் மகளைக் கேட்காமல் இனி ஒரு துளையும் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இப்போதைக்கு இரண்டும் கிளிப்பில் தொங்குகின்றன. பின்பலகை கழன்றிருப்பது அதனால்தான். இதில் உடைப்பது எங்கே வந்தது?

மாலினியைப் பற்றி ஒன்று யோசித்துப் பார்த்தேன். அவள் வளர்ந்தது இந்த வீட்டில். பள்ளிக்கூடம் விட்டு வந்து தறிச் சத்தத்துக்கு நடுவில் உன் காலடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவள். அவளுக்குத் தெரிந்த அப்பா ஊசி அப்பா இல்லை. கனமும் நிறைவுமாக இருந்த அப்பா. அதை எடுத்துவிட்டேன் என்று அவள் என்மேல் கோபப்பட்டது, கஜேந்திரனின் போன் பதிவைத் தன் போனில் கேட்டுவிட்டு. கனமான சத்தத்தை இரண்டு போனும் சேர்ந்து தின்றுவிட்டிருக்கும். அவள் கேட்டது பெரியதும் இல்லை, சின்னதும் இல்லை. இதை நான் வாதத்துக்காகச் சொல்லவில்லை. அவள் இன்னும் எதையுமே கேட்கவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

அவள் வந்து கேட்க வேண்டும். தறி ஓடும்போது ஒரு முறை, நின்ற பிறகு ஒரு முறை. அவள் கையாலேயே வாசித்துக் கேட்க வேண்டும். ஜமீல் மீட்டுவதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அவருக்கே அது தெரியும்.

ஏகா, உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அவள் எதைச் சொல்கிறாளோ அதற்குத்தான் ஈயம் வைக்கச் சொல்வேன். எனக்குப் பிடித்தது பெரியது. இப்போது அதற்கான காரணங்களும் என்னிடம் நிறைய இருக்கின்றன. அவள் சின்னதைச் சொன்னால் ஒரு காரணத்தையும் எடுத்து வைக்க மாட்டேன். மண்டபத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து கடைசிவரை கேட்பேன். முடிந்ததும் எழுந்து போய் அவளிடம் தொனியைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டேன். உன்னிடம் ஒரு தடவைகூட நான் அப்படி இருந்ததில்லை என்பதால், இது எவ்வளவு பெரிய வாக்கு என்று உனக்குத் தெரியும்.

அவள் வரவில்லை என்றால் பெட்டி மண்டபத்துக்குப் போகாது. கஜேந்திரன் வேறு ஆளையும் வேறு பெட்டியையும் பார்த்துக்கொள்ளட்டும்.

மாலினி, கச்சேரிக்கு முன்பே இந்தப் பக்கங்களை கஜேந்திரன் உனக்கு அனுப்பிவைப்பார். அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். உன் அறையைப் பெருக்கி வைத்திருக்கிறேன். அமாவாசை தவிர எந்த நாளிலும் வா. வருகிறாயா, என்றைக்கு என்பதை போனில் வேண்டாம், ஒரு தாளில் எழுதித் தபாலில் அனுப்பு. வர முடியாது என்றாலும் எழுதி அனுப்பு.

ஏகாவின் அக்காவும் மாலினியின் அத்தையுமான
வசந்தா